மூலிகை மருந்தும் கல்லீரலும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

மூலிகை மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பு பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கேள்விகளைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: டாக்டர், எடை குறைய வேண்டும் என்று பச்சைத் தேயிலைச் சாறு காப்ஸ்யூலை ஆறு வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு வீதம் போட்டு வந்தேன். பத்து நாளாகச் சாப்பாடே பிடிக்கவில்லை, குமட்டுகிறது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 890, ஆல்கலைன் பாஸ்படேஸ் 150, பிலிருபின் 3.4. தேயிலையால் இப்படியெல்லாம் வருமா? (வாசகி, வயது 34)

பதில்: வரும். காப்ஸ்யூலை இந்த நிமிடத்தோடு நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை. இன்றைக்கே இன்னொரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும்: ரத்தம் உறையும் திறனைக் காட்டும் பி.டி. - ஐ.என்.ஆர். உங்கள் ரிப்போர்ட்டில் விடுபட்டிருக்கும் முக்கியமான எண் அதுதான்.

ஏன் அவசரம் என்றால், கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் ஏறும் நொதியான எஸ்.ஜி.பி.டி.யின் இயல்பு உச்சம் ஏறக்குறைய 40. உங்களுக்கு அதைப்போல் 22 மடங்கு. காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபினின் உச்சம் 1.2, உங்களுக்கு அது மூன்று மடங்கை நெருங்குகிறது. மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பில் எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்கையும் பிலிருபின் இரண்டு மடங்கையும் சேர்ந்து தாண்டினால், பத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தாகவோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலையாகவோ முடியலாம். கல்லீரல் நிபுணர் ஹைமன் ஸிம்மர்மன் கவனித்துச் சொன்ன கணக்கு இது. இன்றும் உலகெங்கும் மருந்து ஆய்வுகளில் இதைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் நிறுத்தியதும் தேறிவிடுகிறார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்பது அடுத்த ஒரு வாரத்தில்தான் தெரியும்.

தேநீருக்கும் காப்ஸ்யூலுக்கும் உள்ள வேறுபாடு அளவில் இருக்கிறது. பச்சைத் தேயிலையில் கல்லீரலைத் தாக்கக்கூடியது இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டகின் வகைச் சேர்மம். தேநீராகக் குடிப்பவர்களுக்கு ஒரு நாளில் சேர்வது பொதுவாக 90 முதல் 300 மி.கி. செறிவூட்டிய காப்ஸ்யூலில் அதைவிடப் பல மடங்கு ஒரே விழுங்கில் போய்விடும். நாளொன்றுக்கு 800 மி.கி.யோ அதற்கு மேலோ மாத்திரை வடிவில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் பதிவு செய்தது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு இன்னும் கூடும். குடலில் உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அந்த மொத்த அளவும் ஒரே நேரத்தில் அங்கே இறங்குகிறது.

ஐ.என்.ஆர். 1.5-க்குக் கீழே, வாந்தி இல்லை, மனம் தெளிவாக இருக்கிறது என்றால் வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்து கொள்ளலாம். 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவமனையில் சேர வேண்டும். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது, பேச்சில் குழப்பம், கையை நீட்டினால் மணிக்கட்டு படபடவென்று தாழ்வது, ஈறில் ரத்தம் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றுக் கல்லீரல் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்விடுங்கள். குழப்பம் லேசாக இருக்கும்போதே என்-அசிட்டைல் சிஸ்டீன் ஊசி தொடங்கினால் பலன் உண்டு. ஆழ்ந்த மயக்கம் வந்த பிறகு அந்தப் பலன் கிடைப்பதில்லை.

குமட்டலுக்கோ உடம்பு வலிக்கோ நீங்களாகப் பாரசிட்டமால் போடாதீர்கள். மது கூடவே கூடாது. காப்ஸ்யூல் புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மருத்துவருக்கு அது வேண்டும்.

கேள்வி: சீந்திலும் அமுக்கராவும் மஞ்சளும் காலங்காலமாக மனிதர்கள் சாப்பிட்டவைதானே? அப்போது வராத பாதிப்பு இப்போது மட்டும் எப்படி வருகிறது?

பதில்: நியாயமான கேள்வி, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, இந்தப் பாதிப்பு எல்லோருக்கும் வருவதில்லை. ஆயிரக்கணக்கானவர் சாப்பிட்டு ஒருவருக்கு வருவது. அதுவும் சாப்பிட்ட மறுநாள் வராது. பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, மூன்று மாதத்துக்குள் வரும். அந்த ஒருவருக்குக் காமாலை வரும்போது, போன மாதம் தொடங்கிய சூரணத்தோடு அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே முன்பு வரவே இல்லை என்று சொல்ல முடியாது. அனுபவத்தால் ஒரு மருந்தின் வயிற்றுப்போக்கையோ மயக்கத்தையோ கண்டுபிடித்துவிடலாம். இதுபோல் அரிதாக, தாமதமாக வரும் பாதிப்பை அனுபவத்தால் மட்டும் பிடிப்பது கடினம்.

யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது. எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குப் பச்சைத் தேயிலைச் சாறு, மஞ்சள் காப்ஸ்யூல், சீன மருத்துவத்தில் முடி வளரக் கொடுக்கும் பாலிகோனம் மல்ட்டிஃப்ளோரம் வேர் ஆகிய மூன்றிலும் பாதிப்பு கூடுதலாகத் தென்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று செடிகள். நோயாளியின் எதிர்ப்பாற்றல் அந்தச் சேர்மத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதே இங்கே தீர்மானிக்கிறது.

அடுத்தது, இன்று சாப்பிடுவது பழைய பொருளே அல்ல. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமின் என்ற சேர்மம் உடலில் மிகக் குறைவாகவே சேரும், அதனால் சமையல் அளவில் அது கல்லீரலுக்குத் தொந்தரவு தருவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்கு வரை கூடும் என்று 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு 500, 1000 மி.கி. குர்குமினோடு பைப்பரின் சேர்த்த காப்ஸ்யூல்கள் பெருகின. கல்லீரல் அழற்சி நோயாளிகளும் வரத் தொடங்கினார்கள். 2019-ல் இத்தாலியில் கொத்தாகப் பலருக்கு வந்தது. உடல் தானாக வைத்திருந்த தடையைக் கடந்து போகும்படி மருந்தைத் தயாரித்தால், தடை காத்துவந்த ஆபத்தும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது.

அமுக்கராவில் பாதிப்பின் முகம் வேறு. தொடங்கி 2 முதல் 12 வாரத்தில் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வரும். உள்ளங்கை, பாதம் என்று இரவெல்லாம் அரிக்கும். தோல் நோய் என்று களிம்பு பூசிக்கொண்டே பலர் வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

சீந்திலில் வந்த நோயாளிகளுக்கு எதிர்ப்பாற்றல் கல்லீரலையே தாக்கும் நிலை காணப்பட்டது. 2020-21 கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகத் தினமும் குடித்தவர்களிடம் இது பதிவானது. ஏற்கெனவே தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் இருந்தவர்கள் அவர்களில் பலர். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மூலிகை அப்படிப்பட்டவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது வியப்பில்லை. உங்களுக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் எதுவும் இருந்தால் சீந்திலைத் தொடாமல் இருப்பதே நல்லது. சீந்திலைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற இன்னொரு கொடியும் உண்டு; அதுவும் கல்லீரலைப் பாதிக்கும். காய்ந்த தண்டைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல.

வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் வந்த கடுமையான பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: எல்.எஃப்.டி. (கல்லீரல் பரிசோதனை) ரிப்போர்ட்டில் இத்தனை எண்கள் இருக்கின்றனவே, எதைப் பார்ப்பது? எஸ்.ஜி.பி.டி. இறங்கினால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எஸ்.ஜி.பி.டி. என்பது உடைந்த கல்லீரல் செல்களிலிருந்து ரத்தத்தில் சிந்திய நொதி. எவ்வளவு உடைகிறது என்று அது சொல்லும். மிச்சமிருக்கும் கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஐ.என்.ஆர்.; ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. எஸ்.ஜி.பி.டி. 2000-லிருந்து 400-க்கு இறங்கி, அதே நேரத்தில் பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டே போனால், உடைவதற்கே செல்கள் மிச்சமில்லை என்று பொருள். இதை நல்ல செய்தி என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டிப்போவது மிகப் பெரிய தவறு.

ஒரு விதிவிலக்கு. நாள்பட்ட காமாலையில் பித்தம் குடலுக்கு இறங்காததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் ஐ.என்.ஆர். ஏறலாம். நரம்பு வழியாக வைட்டமின் கே 10 மி.கி. கொடுத்து மறுநாள் பார்த்தால் அது இறங்கிவிடும். இறங்காவிட்டால் கல்லீரல் செயலிழப்பு.

பாதிப்பு எந்த வகை என்று பார்க்க நாங்கள் போடும் கணக்கை நீங்களும் போடலாம். எஸ்.ஜி.பி.டி.யை அதன் இயல்பு உச்சத்தால் வகுங்கள். பித்த ஓட்டம் தடைப்பட்டால் ஏறும் நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸையும் அப்படியே. முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். முதல் கடிதம் எழுதிய வாசகிக்கு 890-ஐ 40-ஆல் வகுத்தால் 22. பாஸ்படேஸின் உச்சம் 120 என்றால் 150-ஐ 120-ஆல் வகுக்க 1.25. இப்போது 22-ஐ 1.25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் கல்லீரல் செல் பாதிப்பு, இரண்டும் அதற்குக் கீழும் வந்தால் பித்தத் தேக்கம், நடுவில் வந்தால் இரண்டும் கலந்தது. செல் பாதிப்பு வேகமாக மோசமாகும், நிறுத்தினால் வேகமாகத் தேறும். பித்தத் தேக்கத்தில் உயிராபத்து குறைவு, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கடுமையான உடற்பயிற்சி செய்தாலும் எஸ்.ஜி.பி.டி., அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் ஏறும். பளு தூக்குகிறவர்கள் தசை நொதியான சி.பி.கே. பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொண்டால் அது தசையிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: என் மாமியார் மூட்டு வலிக்கு ஒரு மூலிகைப் பொடி ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். இரண்டே நாளில் வலி போனது. இப்போது முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எஸ்.ஜி.பி.டி. 160 என்று வந்திருக்கிறது. உடனே நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: இந்த ஒரு இடத்தில் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், பொடியையும் எடுத்துப் போங்கள்.

பல ஆண்டு மூட்டு வலி இரண்டு நாளில் போவதும், முகம் உப்புவதும், சர்க்கரை ஏறுவதும் ஒன்றாக வந்தால் பொடியில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். ஆறு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் பொடியைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் காலை 8 மணி கார்ட்டிசால் பார்ப்பார். குறைவாக இருந்தால் பொடியை நிறுத்தி, அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். கல்லீரல் தப்பிக்கும், அட்ரினலும் தப்பிக்கும்.

இத்தகைய பொடிகளில் வலி மருந்துகளான டைக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் கலந்திருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. ஏறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கவும் கூடும். உலோகத்துக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் மூன்றில் ஒன்றாவது இருந்தது. மாமியாருக்கு ரத்தசோகையும் வயிற்று வலியும் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு கட்டாயம் பார்க்க வேண்டும்.

கேள்வி: சளிக்கு ஒரு செடியைக் கஷாயம் வைத்துக் குடித்துவந்த அண்ணனுக்குக் காமாலை இல்லை, ஆனால் வயிறு வீங்கி எடை ஏறுகிறது. இதுவும் கல்லீரல் பாதிப்பா?

பதில்: இருக்கலாம். பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சு உள்ள செடிகள் கல்லீரலின் நுண்ணிய ரத்த வழிகளை அடைத்துவிடும். ரத்தம் வெளியேற வழியில்லாமல் கல்லீரல் வீங்கி வலிக்கும், வயிற்றில் நீர் கோக்கும். காமாலை பின்னால்தான் வரும். 1950-களில் ஜமைக்காவில் செடித் தேநீர் குடித்த குழந்தைகளிடம் இந்த நோய் விவரிக்கப்பட்டது. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, காம்ஃப்ரே ஆகியவற்றில் இந்த ஆல்கலாய்டு உண்டு. எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் அதைப் போக்கிவிட்டதாக எண்ணக் கூடாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, கல்லீரல் நிபுணரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூலிகை சாப்பிட்டதை டாக்டரிடம் சொன்னால் கோபிப்பார் என்று அப்பா மறைத்துவிட்டார். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்தால் வந்தது என்று நிச்சயமாகக் காட்டும் பரிசோதனை கிடையாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கி, தேதிகளைப் பொருத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறோம். தேதி மறைந்தால் நோயும் மறைந்துவிடும்.

கடந்த ஆறு மாதத்தில் வாயில் போட்ட அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்: பெயர், தொடங்கிய நாள், ஒரு வேளைக்கு எத்தனை, கடைசியாகச் சாப்பிட்ட நாள். புரதப் பொடி, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, அடுத்தவர் கொடுத்த லேகியம் எதையும் விடாதீர்கள். லேபிளின் பின்பக்கத்தையும் தொகுதி எண்ணையும் படம் எடுங்கள். பொருளில் இரண்டு தேக்கரண்டி அளவைச் சுத்தமான டப்பாவில் எடுத்து வையுங்கள். மருத்துவர் ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, இ நான்கையும், தன்னெதிர்ப்பு நோயைக் காட்டும் ஏ.என்.ஏ., ஐ.ஜி.ஜி.யையும், வயிற்று ஸ்கேனையும் கேட்பார். ஹெபடைட்டிஸ் இ விடுபட்டிருந்தால் நீங்களே கேளுங்கள். மருந்தால் வந்தது என்று முடிவு கட்டிய சில நோயாளிகளுக்குப் பின்னால் அந்த வைரஸ்தான் இருந்திருக்கிறது.

கேள்வி: காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

பதில்: கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கீழாநெல்லி கொடுத்த 37 ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிற்பாடு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஹெபடைட்டிஸ் ஏ காமாலை எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும், எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். ஆனால் காமாலை பித்தநாளக் கல்லாலும் வரும், கணையப் புற்றாலும் வரும். பத்தியம் இருக்கும் மூன்று வாரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: நிறுத்தி இரண்டு மாதத்தில் எல்லாம் இயல்பாகிவிட்டது. இனி பாதி அளவில் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது, கால் அளவிலும் கூடாது. இரண்டாம் முறை பாதிப்பு பெரும்பாலும் வாரங்களுக்குப் பதில் நாட்களில் வரும், முதலாவதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். அதே மூலிகை வேறு பெயரில், வேறு கலவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு மாதம் ஆகியும் எண்கள் இயல்புக்கு வராதவர்கள் கல்லீரல் திசுப் பரிசோதனை பற்றி நிபுணரிடம் பேச வேண்டும். மூலிகை தூண்டிவிட்ட தன்னெதிர்ப்பு நோய் தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: எவ்வளவு சொன்னாலும் என் கணவர் ஒரு மூலிகை மருந்தைத் தொடங்கத்தான் போகிறார். எப்படிக் கவனிப்பது?

பதில்: தொடங்கும் முன்பே எல்.எஃப்.டி. எடுத்து வையுங்கள், கொழுப்புக் கல்லீரலால் எஸ்.ஜி.பி.டி. ஏற்கெனவே 70 இருந்தால் பின்னால் ஒப்பிட அது வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மூலிகை, அதுவும் உட்பொருளும் மி.கி.யும் லேபிளில் அச்சிட்டதாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து மூலிகை கலந்ததில் பாதிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. 4-வது வாரமும் 8-வது வாரமும் 12-வது வாரமும் எல்.எஃப்.டி. பாருங்கள். எஸ்.ஜி.பி.டி. இயல்பு உச்சத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால், அறிகுறி இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். பசியின்மை, அரிப்பு, கறுத்த சிறுநீர், வெளுத்த மலம் எது வந்தாலும் பரிசோதனைக்குக் காத்திராமல் நிறுத்துங்கள்.

அவருக்குச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் போன நிலை) இருந்தால் இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது, மூலிகையே வேண்டாம். சாதாரணக் கல்லீரல் தாங்கிவிடும் சிறு பாதிப்பு அவரை ஒரே வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடும். லிவர் டானிக் என்ற பெயரில் வருவதும் இதில் அடக்கம். மாற்று உறுப்பு பொருத்தியவர்களும் அப்படித்தான்: மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மூலிகை, உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரினையும் டாக்ரோலிமஸையும் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்யும். மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டும் ரத்தத்தில் அளவு இறங்கி, பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்கத் தொடங்கிவிடும். தெரியாமல் ஏற்கெனவே எடுத்திருந்தால் உடனே மாற்று உறுப்புக் குழுவுக்குத் தொலைபேசியில் சொல்லி, மருந்து அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்த மூலிகையை விட்ட பிறகு மருந்தின் அளவு திரும்ப ஏறும் என்பதால், இரண்டு வாரம் வரை மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.